முழுக்க கரண்டிலேயே ஓடும் வீடு: தினம் 32 யூனிட், எங்கே போகிறது?

மீட்டர்வாசி (கேள்வி)

வீட்டில் கேஸ் இணைப்பே கிடையாது. சமையல், வெந்நீர், துணி உலர்த்துவது, குளிர்காலத்தில் அறையைச் சூடாக்குவது எல்லாமே கரண்ட்தான். ஐந்து பேர். போன பில்லில் 30 நாளைக்கு 960 யூனிட், அதாவது தினம் 32.

இருப்பவை: 100 லிட்டர் கீசர் (2000 வாட்), இன்டக்‌ஷன் அடுப்பு, இரண்டு இன்வெர்ட்டர் ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிரையர், 1 எச்.பி. மோட்டார், அறைக்கு ஒரு ஃபேன். குளிருக்கு 2000 வாட் ரூம் ஹீட்டர் ஒன்று.

பல்பெல்லாம் எல்இடி ஆகிவிட்டது. போன் சார்ஜரைக்கூடப் பிடுங்கி வைக்கிறோம். பில் அசையவே மாட்டேன் என்கிறது. ஃப்ரிட்ஜ் பழசு, அதை மாற்றலாம் என்கிறார் ஒருவர். சோலார் போட்டுவிடலாம் என்கிறார் இன்னொருவர். எதில் ஆரம்பிப்பது?

பல்ஸ்எண்ணி

எதையும் வாங்காதீர்கள், முதலில் அளங்கள். சார்ஜர் சும்மா செருகியிருந்தால் மாதம் முழுக்கச் சேர்த்தாலும் கால் யூனிட் தேறாது. அதைப் பிடுங்கும் நேரத்தை மீட்டர் முன்னால் செலவழித்தால் விஷயம் பிடிபடும்.

பில்லை எடுங்கள். அதில் இருப்பது நேரில் எடுத்த ரீடிங்கா, உத்தேசக் கணக்கா? எத்தனை நாள் சுழற்சி? 30 நாளுக்குப் பதில் 37 நாள் கழித்து ரீடிங் எடுத்திருந்தால், செலவு கூடாமலே பில் கூடியிருக்கும்; அடுக்குக் கட்டணமாக இருந்தால் மேல் அடுக்குக்கும் தள்ளிவிடும்.

இது சரியென்றால் மீட்டருக்கு வாருங்கள். முகப்பில் ஒரு சிவப்பு எல்இடி மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே 1600 அல்லது 3200 மாதிரி ஓர் எண் அச்சாகியிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது அத்தனை முறை மினுக்கும் என்று அர்த்தம். பத்து மினுக்கலுக்கு எத்தனை வினாடி என்று பார்த்துப் பத்தால் வகுங்கள். பிறகு:

வாட் = 36,00,000 ÷ (மீட்டர் எண் × ஒரு மினுக்கலுக்கான வினாடி)

3200 போட்ட மீட்டரில் ஏழரை வினாடிக்கு ஒருமுறை மினுக்கினால் 150 வாட் ஓடுகிறது. சின்னதாகத் தெரியும், ஆனால் நாள் முழுக்க ஓடினால் 3.6 யூனிட்.

அடுத்தது ராத்திரிச் சோதனை. எல்லோரும் படுத்தபின் 11 மணிக்கு ரீடிங் குறித்துக்கொள்ளுங்கள், தசம எண்ணோடு. காலை 5 மணிக்கு, யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி. ஏசி, ரூம் ஹீட்டர் ஓடாத ராத்திரியாக இருக்கட்டும். மறுநாள் அதே சோதனையை கீசரின் எம்சிபியை (மெயின் பெட்டியில் கீசருக்கென்று இருக்கும் டிரிப் சுவிட்ச்) மட்டும் இறக்கிவிட்டுச் செய்யுங்கள். இந்த இரண்டு எண்களையும் இங்கே போடுங்கள்.

கிளாம்ப் மீட்டர் வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை: பேஸ், நியூட்ரல் இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும். ஒரே வயரைக் கவ்வ வேண்டும். (இரண்டையும் சேர்த்துக் கவ்வியும் ஏதாவது காட்டினால் அது எர்த்தில் கசியும் கரண்ட். எலக்ட்ரீஷியனை உடனே கூப்பிடுங்கள்.)

வெந்நீர்க்கணக்கு

எல்லாமே கரண்டில் ஓடும் வீட்டில் பணம் போவது வெளிச்சத்துக்கு இல்லை, சூட்டுக்கு. சூடாக்கும் சாமான், குளிராக்கும் சாமான் இரண்டையும் ஒழுங்குபடுத்தினால் மற்றதெல்லாம் சில்லறை. அதிலும் வெந்நீரை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை, ஏனென்றால் கீசர் சத்தம் போடாது.

கணக்கு எளிது: லிட்டர் × ஏற்ற வேண்டிய டிகிரி ÷ 860 = யூனிட். ஐந்து பேருக்கு ஆளுக்கு 40 லிட்டர், 40 டிகிரியில் குளிக்கிறார்கள் என்று வைப்போம். வரும் தண்ணீர் 25 டிகிரி என்றால் 200 × 15 ÷ 860, அதாவது 3.5 யூனிட். குளிர்காலத்தில் அதே தண்ணீர் 15 டிகிரியில் வந்தால் 5.8. குளியல் அதேதான், பில் மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல்.

அதனால் முதலில் கை வைக்க வேண்டியது ஷவரில். ஷவரின் கீழே வாளி வைத்து ஒரு நிமிடம் முழுசாகத் திறந்து அளந்து பாருங்கள். 12 லிட்டர் விழுந்தால் எட்டு நிமிடக் குளியலுக்கு 96 லிட்டர் போகிறது. நிமிடத்துக்கு 7 லிட்டர் விடும் ஷவர் தலையை மாட்டினால் 56. இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு மிச்சம் வேறெதிலும் கிடைக்காது.

அடுத்து, ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் குழாய். கைப்பிடியை நடுவில் விட்டுவைத்தால் கை கழுவும் ஒவ்வொரு முறையும் கீசரிலிருந்து பாதித் தண்ணீர் இழுக்கும். அந்த வெந்நீர் குழாய் வரைகூட வந்து சேராது, வழியிலேயே ஆறிப்போகும். ஆனால் கீசருக்குள் அதே அளவு பச்சைத் தண்ணீர் புகுந்துவிட்டது. கைப்பிடியை எப்போதும் குளிர்ந்த பக்கம் தள்ளியே மூடும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வர வேண்டும்.

உப்புத் தண்ணீரால் காயிலில் படியும் படிவம் கரண்டைக் குடிக்கிறது என்பார்கள். அது அவ்வளவு உண்மையில்லை. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் காயில் வாங்கும் சூடு வேறெங்கும் போக வழியில்லை, கடைசியில் தண்ணீருக்குத்தான் வரும். படிவத்தால் காயில் அளவுக்கு மீறிச் சூடேறி சீக்கிரம் எரிந்துபோகும், அதுதான் நஷ்டம். சுத்தம் செய்யும்போது, டேங்குக்குப் பதிலாகத் தான் கரைவதற்காக உள்ளே வைத்திருக்கும் மெக்னீசியம் கம்பியையும் பாருங்கள். கரைந்து தீர்ந்திருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்து டேங்க் அரிக்கும்.

கடைசிசுவிட்ச்

எதற்கு இவ்வளவு கணக்கு? கீசரைக் குளிக்க அரைமணி முன் போட்டு, முடிந்ததும் அணைத்தால் பில் பாதியாகும். தெர்மோஸ்டாட்டை 40-இல் வையுங்கள்.

டிரையரை மறந்துவிட்டீர்கள். துணியில் இருக்கும் ஒரு லிட்டர் ஈரத்தை ஆவியாக்கவே முக்கால் யூனிட் பக்கம் வேண்டும், சாதாரண டிரையரில் அதற்கும் மேலேயே போகும். வாஷிங் மெஷினில் ஸ்பின்னை 800-லிருந்து 1200-க்கு ஏற்றினால் அந்த ஈரத்தில் நல்ல பங்கு சுழற்சியிலேயே போய்விடும். அதற்கு ஆகும் கரண்ட் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு முறையும் பஞ்சு வடிகட்டியைத் தட்டுங்கள். கொடியில் காயப்போட இடம் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். சலவையையும் 60 டிகிரியில் போடாமல் 30-இல் போடுங்கள். மெஷின் தின்னும் கரண்டில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கத்தான்.

ரூம் ஹீட்டர்: ஆயில் ஹீட்டர், ஃபேன் ஹீட்டர், குவார்ட்ஸ் ஹீட்டர், எதுவானாலும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான். 'குறைந்த கரண்டில் அதிகச் சூடு' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். உங்கள் ஏசியில் ஹீட் மோட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு யூனிட்டுக்கு சுமார் மூன்று யூனிட் சூடு தரும். 2000 வாட் ஹீட்டர் நான்கு மணி நேரத்தில் 8 யூனிட் தின்னும் இடத்தில் இது மூன்றுக்குள் முடிக்கும்.

வெந்நீர்க்கணக்கு

டிரையர், ஹீட்டர் இரண்டிலும் முழு உடன்பாடு. கீசரில் இல்லை.

அணைத்து வைத்தால் மிச்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது மிச்சப்படுத்துவது டேங்க் சும்மா நிற்கும்போது வெளியேறும் சூட்டை மட்டும். 100 லிட்டர் கீசரில் அது நாளைக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் (லேபிளில் போட்டிருக்கும்). அணைத்து வைத்தாலும் டேங்க் ஆறிக்கொண்டுதான் இருக்கும், அதனால் அதில் ஒரு பங்குதான் கையில் நிற்கும். குளிக்கும் தண்ணீருக்கான யூனிட் எப்படியும் செலவாகும். 'பாதி' எங்கிருந்து வரும்? போதாததற்கு, 2000 வாட் கீசர் 100 லிட்டரை 25 டிகிரி ஏற்றவே ஒன்றரை மணி நேரம் எடுக்கும். அரைமணியில் ஐந்து பேருக்கு வராது.

டைமர் போடலாம். ஆனால் சாதாரண பிளக் டைமர் வேண்டாம். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர், மணிக்கணக்கில் தொடர்ச்சியாக. மலிவு டைமரின் முனைகள் பழுத்து உருகும். 16 ஆம்பியர் தாங்கும் டைமர் அல்லது டிபியில் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) காண்டாக்டரோடு (பெரிய கரண்டைத் தாங்கும் தானியங்கி சுவிட்ச்) வைக்கும் டைமர்தான் சரி.

தெர்மோஸ்டாட் 40-இல் வைப்பது தப்பு, அது சொல்லியே ஆக வேண்டும். தேங்கியிருக்கும் தண்ணீர் 20 முதல் 45 டிகிரிக்குள் நின்றால், நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். டேங்கில் 60 வையுங்கள், குழாயில் கலந்து குறையுங்கள். குழந்தை, வயதானவர் இருந்தால் குழாய் முனையில் சூடு எவ்வளவு என்று தெர்மாமீட்டரால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டர்வாசி

எண்கள் கிடைத்தன. இரண்டு ராத்திரியும் ஏசி, ரூம் ஹீட்டர், டிரையர் ஓடவில்லை.
முதல் ராத்திரி, 11 முதல் 5 வரை: 2.6 யூனிட்.
இரண்டாம் ராத்திரி, கீசர் எம்சிபி இறக்கி: 0.9 யூனிட்.
கீசர் லேபிளில் நிலைச் சூட்டிழப்பு நாளைக்கு 1.2 யூனிட் என்று இருக்கிறது.

பல்ஸ்எண்ணி

உங்கள் ஃப்ரிட்ஜ் தப்பித்தது. ஆறு மணி நேரத்துக்கு 0.9 என்றால் வீடு மொத்தமும் 150 வாட்தான். ஃப்ரிட்ஜ், ரூட்டர், ஃபேன் எல்லாம் அதற்குள் அடக்கம். ஃப்ரிட்ஜை மாற்றிப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. கதவு ரப்பரில் ஒரு காகிதத்தைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கி வந்தால் ரப்பரை மட்டும் மாற்றுங்கள்.

கீசருக்கு வாருங்கள். யாரும் வெந்நீர் தொடாத ஆறு மணி நேரத்தில் 1.7 யூனிட். லேபிள்படி 0.3 போயிருக்கலாம். மீதி 1.4 எங்கே? மேலே சொன்ன வெந்நீர்ச் சூத்திரத்தைத் திருப்பிப் போடுங்கள்: 35 டிகிரி ஏற்றம் என்றால் 1.4 × 860 ÷ 35, கிட்டத்தட்ட 34 லிட்டர். ஆறு மணி நேரத்தில் 34 லிட்டர் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 95 மில்லி. எங்கேயோ வெந்நீர் கசிகிறது.

கீசரின் மேல் பக்கத்தில் சேஃப்டி வால்வு, அதிலிருந்து ஒரு வடிகால் குழாய் இறங்கும். பல வீடுகளில் அது சுவருக்குள் போய் நேரே சாக்கடையில் முடிகிறது, அதனால் யார் கண்ணிலும் படாது. வால்வை ஒட்டி அந்தக் குழாயைப் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள் (சுடலாம், ஜாக்கிரதை). சூடாக இருந்தால் அதுதான். முடிந்தால் முனையைக் கழற்றி ஒரு டம்ளரில் ஒரு நிமிடம் பிடியுங்கள்.

சூடு ஏறும்போது மட்டும் கொஞ்சம் சொட்டுவது கோளாறு இல்லை. தண்ணீர் விரியும், 100 லிட்டரில் ஒன்றரை லிட்டர் வரை வெளியே வரும். கீசர் அணைந்திருக்கும்போதும் வழிகிறதா என்பதே கேள்வி. குளிர்ந்த நீர் நுழையும் இடத்தில் இருக்கும் வால்வு சொட்டினால் போவது பச்சைத் தண்ணீர், கரண்ட் போகாது.

மீட்டர்வாசி

குழாய் கொதிக்கிறது! டம்ளரில் நிமிடத்துக்கு 90 மில்லி. கீசரை அணைத்த பிறகும் நிற்கவில்லை. வந்த பிளம்பர் குழாய் முனையில் எண்ட் கேப் போட்டு அடைத்துவிடலாம் என்கிறார். போடலாமா?

வெந்நீர்க்கணக்கு

கூடவே கூடாது. அந்த வழியை அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட் ஒருநாள் அணையாமல் ஒட்டிக்கொண்டால் அழுத்தம் போக இடமில்லாமல் டேங்க் வெடிக்கும். அதைத் தடுக்கத்தான் அந்த வால்வே இருக்கிறது.

கீசர் எம்சிபியை இறக்கி, தண்ணீர் ஆறியபின் வால்வின் நெம்புகோலை இரண்டு மூன்று முறை தூக்கி விடுங்கள். வால்வு மூடி உட்காரும் இடத்தில் சிக்கிய உப்புத் துணுக்கு அடித்துக்கொண்டு போனால் கசிவு நிற்கும். நிற்காவிட்டால் அதே அழுத்தம், அதே வெப்ப அளவு பொறித்த புது வால்வு. மாற்றும் முன் பிளம்பரிடம் பிரஷர் கேஜ் வைத்து உள்ளே வரும் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். பிரஷர் பம்ப் இருக்கும் வீட்டில் அழுத்தம் எல்லை மீறிப் புது வால்வும் மூன்று மாதத்தில் கசியும். அப்போது கீசருக்கு முன்னால் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று தேவைப்படும்.

பல்ஸ்எண்ணி

சரிசெய்தபின் அதே ராத்திரிச் சோதனை. 1.2 பக்கம் வர வேண்டும். வந்தால் நாளைக்கு ஐந்தரை யூனிட் நின்றது, மாதம் 165. மேல் அடுக்கிலிருந்து குறைவதால் பில்லில் அதன் கனம் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

சோலார் அதற்குப் பிறகு. 32 யூனிட்டுக்குப் போடும் பேனலும் 20 யூனிட்டுக்குப் போடும் பேனலும் ஒரே விலை இல்லை. நடுவில் யாராவது 'செருகினாலே பில் 40 சதவீதம் குறையும்' என்று சின்னப் பெட்டியோடு வந்தால் அனுப்பிவிடுங்கள். உள்ளே இருப்பது ஒரு கெப்பாசிட்டர். வீட்டு மீட்டர் யூனிட்டை எண்ணுகிறது, அதை அந்தப் பெட்டி தொடவே தொடாது.