ரொம்ப நாள் நின்ன கார், ஒரே ஸ்கேன்ல எட்டு கோடு: கடலூர் அனுபவம்

தேவனாம்பட்டினம்காரன்:

கொஞ்சம் நீளமாத்தான் வரும், ஆனா வெளிநாட்டுல இருக்கறவங்க வண்டி நம்ம பக்கம் எத்தனையோ வீட்டுல இப்படி நிக்குது, அதான் முழுசா எழுதறேன். இது எங்க மச்சானோட கார், 2016 மாடல் பெட்ரோல். அவரு கத்தார்ல இருக்காரு. வண்டி தேவனாம்பட்டினத்துல அவங்க வீட்டு ஷெட்டுல ரெண்டு மழைக்காலம் தாண்டி அசையாம நின்னுச்சு. ஷெட்டுன்னா மேல சீட்டு மட்டும்தான், சில்வர் பீச் காத்து நேரா வண்டி மூஞ்சிலயே அடிக்கும். அந்த உப்புக் காத்துல ஜன்னல் கம்பியே செதில் செதிலா உதிரும், வயர் கனெக்டர் எம்மாத்திரம்.

லீவுக்கு வரேன், வண்டிய ரெடி பண்ணி வைன்னு மச்சான் சொன்னாரு. ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டோம். அவங்க ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணி ஸ்கேனர் மாட்டிருக்காங்க, எட்டு கோடு (வண்டி பதிவு பண்ணி வெச்ச கோளாறு நம்பர்) வந்துருக்கு. உடனே இசிஎம், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் போச்சு, இன்ஜினுக்குக் காத்து விடற த்ராட்டில் பாடி மாத்தணும், ஆக்சிலரேட்டர் பெடல் மாத்தணும், உள்ள போற காத்தோட அழுத்தம் அளக்கற மேப் சென்சார் மாத்தணும்னு ஒரு எஸ்டிமேட். வண்டிய வித்தா வர்ற காசுல பாதி அதுக்கே போயிடும். எனக்கு மனசே ஒப்பல, அந்த கோடு லிஸ்ட்ட மட்டும் வாங்கிட்டு வண்டிய டோ பண்ணி வீட்டுக்கே கொண்டாந்துட்டேன்.

லிஸ்ட் இதுதான்: பி0562 சிஸ்டம் வோல்டேஜ் கம்மி, யு0121 பிரேக்கோட ஏபிஎஸ் கம்ப்யூட்டர் கூட பேச முடியல, பி0641 5 வோல்ட் ரெஃபரன்ஸ் கோளாறு, பி0107 மேப் சென்சார் லோ, பி0122 த்ராட்டில் பொசிஷன் லோ, பி2122 பெடல் சென்சார் லோ, பி0532 ஏசி பிரஷர் சென்சார் லோ, பி0113 இன்டேக் ஏர் டெம்பரேச்சர் சென்சார் ஹை (ஹைங்கறது சிக்னல் வோல்டேஜ், வெப்பம் இல்ல).

ஒரு வண்டி சும்மா நின்னதுக்கு எட்டு பார்ட்டு ஒரே நேரத்துல சாகாது. கோடுங்கறது இந்த சர்க்யூட்ல எனக்கு வர்ற அளவு சரியில்லன்னு இசிஎம் சொல்ற புகார் மட்டும்தான், இந்தப் பார்ட்ட மாத்துன்னு அது எங்கயும் சொல்லல. அதனால நான் மொதல்ல கை வெச்சது பேட்டரிலதான். 12.6 இருக்க வேண்டிய எடத்துல நாலு வோல்ட் கூட இல்ல, சார்ஜ் ஏத்துனாலும் நிக்கல, புது பேட்டரியே போட்டோம். ஜம்பர் போட்டு ஓட்டிட்டு ஸ்கேன் பண்ணா வோல்டேஜ் ஏறி எறங்கி இல்லாத கோடெல்லாம் பதிவாகும், நின்ன வண்டிக்கு இது ரொம்ப முக்கியம். அடுத்து எர்த். இன்ஜின்லேர்ந்து பாடிக்கு வர்ற எர்த் பட்டை போல்ட்டு முழுக்க பச்சை பூத்துருந்துச்சு. மீட்டரோட ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும் இன்னொரு முனைய இன்ஜின் பிளாக்லயும் வெச்சிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாத்தேன், அரை வோல்டுக்குக் கீழ இருக்க வேண்டியது ஒரு வோல்ட தாண்டுச்சு. கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேச்சு திரும்ப முடுக்குனதும் சரியாயிடுச்சு.

அப்புறம் எல்லா கோடையும் போட்டோ எடுத்துட்டு அழிச்சேன். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஸ்டார்ட் பண்ணல. பி0562 வரல, யு0121 வரல. மிச்சம் ஆறும் உடனே திரும்ப வந்துச்சு. இப்படி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே திரும்பி வர்ற கோடு பெரும்பாலும் வயர், கனெக்டர், சென்சார் சர்க்யூட் சம்பந்தப்பட்டதாத்தான் இருக்கும்.

ஆறுல அஞ்சு கோடு ஒரே வீட்டுப் புள்ளைங்க. மேப், த்ராட்டில், பெடல், ஏசி பிரஷர் சென்சார் நாலுக்கும் இசிஎம் குடுக்கற 5 வோல்ட் இந்த வண்டில ஒரே லைன். தெருவுல ஒரு பைப்லேர்ந்து நாலு வீட்டுக்குத் தண்ணி போவுது, ஒரு வீட்டுல பைப்பு ஒடைஞ்சா நாலு வீட்டுலயும் வராது, அவ்ளோதான். பி0641 அதத்தான் நேரா சொல்லுது. லைவ் டேட்டாலயும் (ஸ்கேனர்ல அப்பப்ப ஓடற சென்சார் அளவு) அதே கதை. நம்ம ஊரு கடல் மட்டத்துல இருக்கு, இன்ஜின் ஓடாதப்ப மேப் சென்சார் கிட்டத்தட்ட 100 கிலோபாஸ்கல் காட்டணும், இது அடிமட்டத்துல கெடந்துச்சு.

மேப் சென்சார் கனெக்டர் பின்னாடி 5 வோல்ட் வயர்ல மெல்லிசான குண்டூசி விட்டு மீட்டர் வெச்சேன், 0.3 வோல்ட். தம்பிய மீட்டர் பாக்கச் சொல்லிட்டு நான் ஒவ்வொரு சென்சாரா ப்ளக்க உருவுனேன். மேப் உருவுனேன், மாறல. த்ராட்டில், மாறல. பெடல், அப்பவும் மாறல. கடைசியா முன் பம்பர் பக்கம் கண்டன்சர் ஓரத்துல இருக்கற ஏசி பிரஷர் சென்சார், அதோட லாக்கே இறுகிக் கெடந்துச்சு, ஸ்க்ரூட்ரைவரால நெம்பி உருவுன அந்த செகண்டு "அண்ணா 5.02"ன்னு தம்பி கத்துனான். உருவுன ப்ளக்குக்குள்ள பாத்தா மூணு பின்னுக்கு நடுவுல பச்சையும் வெள்ளையுமா உப்பு மாவு கட்டி நிக்குது, ஒரு பின்னு பாதி கரைஞ்சே போயிருக்கு. வண்டியோட மூக்குல இருக்கற பார்ட்டு, கடல் காத்து மொதல்ல அங்கதான் அடிக்குது. ஏசி சென்சார் ஷார்ட் ஆனதுக்கு ஆக்சிலரேட்டர் வேலை செய்யாமப் போகும்னா கேக்கறவங்களுக்கு நம்பறது கஷ்டம், ஆனா நடந்தது இதான். சென்சாரும் கனெக்டர் துண்டும் புதுசு போட்டோம், அஞ்சு கோடும் ஒண்ணா போச்சு. இசிஎம், த்ராட்டில் பாடி, பெடல் எல்லாம் பழசு அப்படியே இன்னிக்கும் ஓடுது.

மிஞ்சுனது பி0113. லைவ்ல காத்து வெப்பம் மைனஸ் 40 காட்டுச்சு, அப்படிக் காட்டுனா அந்த சர்க்யூட் எங்கயோ அறுந்துருக்குன்னு அர்த்தம். வயர் கட்டு (ஹார்னஸ்) மேல சுத்துன டேப்ப பிரிச்சதும் எலி கடிச்ச எடத்துல செம்பு பளபளன்னு தெரிஞ்சுது. சால்டரிங் வெச்சு ஸ்லீவ் போட்டாச்சு.

இதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணா ஓடுது, ஆனா ஒதறுது. பி0300, பி0171 ரெண்டும் புதுசா வந்துச்சு, மிஸ்ஃபயரும் லீனும் (காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்ல). இக்னிஷன் காயில் மாத்தலாமான்னு தம்பி கேட்டான். டேங்க்ல ரெண்டு வருஷத்துக்கு மேல கெடந்த பெட்ரோல் இருக்கறப்ப காயில சந்தேகப்படறது சரியில்ல. வாசல்ல திறந்த எடத்துல வெச்சு கொஞ்சம் பெட்ரோல கண்ணாடி பாட்டில்ல புடிச்சோம், டீ டிகாஷன் கலர், பெயின்ட் கடை வாசனை, கொஞ்ச நேரம் விட்டதும் அடில தனியா ஒரு படலம் எறங்கி நின்னுச்சு. பெட்ரோல்ல கலக்கற எத்தனால் ஈரத்த உறிஞ்சும், அளவு மீறுனா தண்ணியும் எத்தனாலும் சேந்து கீழ எறங்கிடும், பம்பு உறிஞ்சறதே அடிலேர்ந்துதான். மொத்தமும் எறக்கிட்டு, ஃபில்டர் மாத்தி, புது பெட்ரோல் ஊத்தி, இன்ஜெக்டர் கிளீன் பண்ணி, ஸ்பார்க் பிளக்கும் மாத்துனதும் ஒதறல் நின்னுச்சு. ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மாத்துனதெல்லாம் சொல்லணும்னு இல்ல.

பாண்டி டீசல்:

அண்ணா அருமையா எழுதிருக்கீங்க, என்னோடதும் சேத்துக்கறேன். நான் ரெயின்போ நகர். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரை ஏறுனப்ப எங்க தெருவுல தண்ணி நின்னது பாண்டில இருக்கறவங்களுக்குத் தெரியும். அப்பாவோட டீசல் வண்டில கதவு வழியா உள்ள தண்ணி வந்து கார்ப்பெட் ஊறிடுச்சு, மேலாக்க காய வெச்சிட்டு அப்படியே மூடி வெச்சிட்டாங்க. பல மாசம் கழிச்சு எடுத்தா யு0100, யு0121னு யு வரிசையா கோடு, மீட்டர் போர்டுல எல்லா லைட்டும் எரியுது. எனக்கு உதவுனது ஒரே ஒரு டெஸ்ட். பேட்டரிய கழட்டிட்டு ஸ்கேனர் மாட்டற ஓபிடி சாக்கெட்ல 6வது பின்னுக்கும் 14வது பின்னுக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க, 60 பக்கம் வரணும். வண்டியோட கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசற கேன் லைன்ல ரெண்டு பக்கமும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு ஒண்ணு இருக்கும், ரெண்டும் சேந்துதான் 60. எனக்கு 120 காட்டுச்சு, அப்ப ஒரு பக்கம் லைன்லயே இல்ல. வயர புடிச்சிக்கிட்டே போனா டிரைவர் கால் பக்கம் கார்ப்பெட்டுக்கு அடில ஒரு கனெக்டர், கார்ப்பெட் மேல காஞ்சுருக்கு, அடில இருக்கற பஞ்சு அத்தன மாசம் கழிச்சும் சொதசொதன்னு இருக்கு. கனெக்டர மாத்தி, பஞ்ச தூக்கிப் போட்டுட்டோம். வெள்ளத்துல நின்ன வண்டின்னா தயவுசெஞ்சு கார்ப்பெட்ட முழுசா தூக்கிப் பாருங்க.

நெல்லிக்குப்பம் வாசகன்:

அண்ணா, எங்க பெரியப்பா வண்டியும் கரும்புத் தோட்டத்து ஷெட்டுல நிக்குது, 2014 பெட்ரோல். ஞாயித்துக்கிழமை எடுக்கலாம்னு இருக்கோம். பேட்டரி மாட்டி நேரா செல்ஃப் அடிக்கலாமா?

தேவனாம்பட்டினம்காரன்:

வேணாம் தம்பி. கரும்புத் தோட்டம்னா மொதல் ஆளு எலிதான். பேட்டரி மாட்டறதுக்கு முன்னாடியே பானட்ட தொறந்து ஏர் ஃபில்டர் பாக்ஸ கழட்டிப் பாருங்க, உள்ள வைக்கோல், துணி, பேப்பர் இருந்தா கூடு கட்டிருக்குன்னு அர்த்தம், அப்படியே செல்ஃப் அடிச்சா குப்பை இன்ஜினுக்குள்ள போயிடும். ஹார்னஸ் ஓடற வழி முழுக்க டார்ச் அடிச்சுப் பாருங்க. டிப்ஸ்டிக்ல ஆயில் பால் கலர்ல இருந்தா செல்ஃப் பக்கமே போகாதீங்க. பழைய பெட்ரோல மொதல்லயே எறக்கிடுங்க, அந்த பெட்ரோல்ல ஓட்டி வர்ற கோடுங்கள வெச்சு உங்களால ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. பேட்டரிய தனியா வெளில வெச்சு ஃபுல் சார்ஜ் பண்ணி மாட்டுங்க, ஸ்கேன் பண்ணி கோட எல்லாம் எழுதிக்கிட்டு அழிங்க, திரும்ப சாவி மட்டும் ஆன் பண்ணி எது எது வருதுன்னு குறிச்சு இங்க போடுங்க. 2014 வண்டில ஓபிடி-2 இருக்கும், சாதாரண ப்ளூடூத் ஸ்கேனரே இன்ஜின் கோடு படிக்கும். எங்கயாவது வயர் கடிச்சிருந்தா வயர் கலர் தெரியற மாதிரி கிட்டக்க ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, எந்த சென்சாருக்குப் போவுதுன்னு சேந்து பாத்துடலாம்.