ஜெபத்தில் துப்பு கிடைக்கலாமா? கோத்தகிரி பின்னணியில் ஒரு சஸ்பென்ஸ் நாவல்

பனிமலர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கோத்தகிரி பக்கம் நடக்கிற மாதிரி ஒரு சஸ்பென்ஸ் நாவலுக்குத் திட்டம் போட்டிருக்கிறேன். 30 அத்தியாயம். தேயிலைத் தொழிற்சாலைக் கணக்குப்பிள்ளை ஒருவர் மார்கழிப் பனியில் செத்துக் கிடக்கிறார். கொன்றவர் தொழிற்சாலையில் பங்குள்ளவர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் பொருளாளர். துப்பறிவது இறந்தவரின் தங்கை, பள்ளி ஆசிரியை. 27ஆம் அத்தியாயத்தில் அவள் இரவு முழுக்க ஜெபிக்கிறாள். காணாமல் போன கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பது விடியற்காலையில் மனதில் தோன்றுகிறது. 30இல் பொருளாளர் போலீஸ் முன்னால் மனந்திரும்புகிறார்.

ஜெபத்துக்குப் பதில் கிடைப்பதைக் காட்டாவிட்டால் இது விசுவாசக் கதை ஆகுமா? கொலையை எவ்வளவு தூரம் விவரிக்கலாம்? பிரசங்கம் போல ஆகாமல் எழுதுவது எப்படி?

எஸ்றா_குன்னூர்:
சிஸ்டர், 27ஆம் அத்தியாயத்தை இப்படியே விட்டால் நாவல் அங்கேயே விழுந்துவிடும். வாசகர் 26 அத்தியாயமாகத் தடயங்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருப்பார். அவருக்குக் கிடைக்காத தகவலைக் கதாநாயகிக்கு மட்டும் கொடுத்தால் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார். துப்பறியும் கதைக்கு 1929இல் பத்து விதிகள் எழுதிய ரொனால்ட் நாக்ஸ் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். அமானுஷ்யம் கூடாது, தற்செயல் துப்பறிபவருக்கு உதவக் கூடாது, காரணம் சொல்ல முடியாத உள்ளுணர்வு சரியாகிப்போகக் கூடாது என்று சொன்னவர் அவர்தான். ஜெபத்தில் நம்பிக்கை இல்லாதவர் போட்ட விதி இல்லை இது. வாசகரிடம் நேர்மையாக இருப்பதும் விசுவாசத்தில் சேர்ந்ததுதான்.

பைபிளில் எஸ்தர் புத்தகத்தை இந்தக் கண்ணோடு ஒரு முறை படியுங்கள். 6ஆம் அதிகாரத்தில் ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை, அரண்மனைக் குறிப்பேடான நாளாகமத்தைக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்கிறான், தன்னைக் கொல்ல நடந்த சதியை மொர்தெகாய் அறிவித்துச் செய்த உதவி வெளியே வருகிறது. தூக்கம் வராதது தற்செயல் போலத் தெரியும். ஆனால் அந்தச் செய்தி 2ஆம் அதிகாரத்திலேயே எழுதி வைக்கப்பட்டுவிட்டது. நாமும் படித்துவிட்டு மறந்திருப்போம். எபிரேய மூலத்தில் தேவனுடைய பெயர் ஒரு இடத்திலும் வராத புத்தகம் அது. அவருடைய கையைப் பார்க்காமல் படிக்க முடிகிறதா?

ஆகவே அவள் ஜெபிக்கட்டும். ஆனால் ஜெபத்தில் அவளுக்குத் தகவல் கிடைக்க வேண்டாம், கீழ்ப்படிய வேண்டிய ஒரு காரியம் கிடைக்கட்டும். பொருளாளரின் மனைவி நோயில் படுத்திருக்கிறார், அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று 9ஆம் அத்தியாயத்திலிருந்து இவள் பிடிவாதமாக இருக்கிறாள் என்று வையுங்கள். ஜெபித்து எழுந்து, மனசில்லாமல், கஞ்சி எடுத்துக்கொண்டு போகிறாள். கட்டிலுக்கடியில் தொழிற்சாலையின் பச்சை இலைச் சாக்கு ஒன்று சுருட்டிக் கிடக்கிறது. அதே மாதிரிச் சாக்கையும், அதில் கணக்குப்பிள்ளை புத்தகத்தைச் சுற்றி வைக்கும் பழக்கத்தையும் 4ஆம் அத்தியாயத்தில் ஒரு முறை, 11இல் ஒரு முறை பேச்சோடு பேச்சாகக் காட்டியிருக்க வேண்டும். அவள் மன்னிக்கப் போனதால்தான் கண்டுபிடித்தாள். கண்டுபிடிப்பதற்காகப் போகவில்லை.

இலைத்தராசு:
பிரசங்கம் பற்றிக் கேட்டதற்கு என் பதில்: வசனத்தைச் சொல்லாதீர்கள், தராசைக் காட்டுங்கள். நீதிமொழிகள் 11:1 உங்கள் கதைக்காகவே எழுதினது போல இருக்கிறது. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிற வசனம். அதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

மழைக்காலத்தில் இலை நனைந்து வந்தால் ஈரத்துக்கென்று எடையில் கழித்துத்தான் கணக்கில் எழுதுவார்கள். விவசாயி முணுமுணுத்தாலும் ஒத்துக்கொள்வார். உங்கள் கணக்குப் புத்தகத்தில் தை, மாசியிலும் ஈரக் கழிவு எழுதியிருக்கட்டும். மழையே இல்லாத மாதம், உறைபனி விழுந்து இலை கருகிக் கிடக்கிற காலம், அப்போது ஏது ஈரம்? காலையில் பனி ஈரம் இருக்குமே என்று மலைவாசகர் உடனே மடக்குவார். அதனால் பிற்பகல் எடையை மட்டும் எடுங்கள். அடுத்தது தூள் கணக்கு. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். எழுதின இலைக்கு மேலே தூள் வெளியே போயிருந்தால், எழுதாத இலை உள்ளே வந்திருக்கிறது. ஆசிரியைக்கு இது ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஏழை விவசாயிகளிடம் கழித்த கிலோதான் கோயில் கட்டட நிதியில் பெரிய காணிக்கையாகப் போய் விழுந்திருக்கிறது என்று முடிச்சுப் போட்டால், பொருளாளருக்கு இருக்கும் நல்ல பெயரே அவருக்கு எதிரான தடயம் ஆகிவிடும்.

மார்கழிப் பனியை வெறும் பின்னணியாக வீணாக்காதீர்கள். உறைபனி தெளிந்த, காற்றில்லாத இரவில் திறந்த பள்ளங்களில் விழும். மரத்தடியில் அவ்வளவாக விழாது. காலையில் உடலைத் தூக்கும்போது சுற்றிலும் புல் வெள்ளையாக இருந்து, உடலுக்கு அடியில் மட்டும் பச்சையாக இருந்தால், பனி விழுவதற்கு முன்பே அவர் அங்கே கிடந்திருக்கிறார். அடியிலும் வெள்ளை நசுங்கியிருந்தால் பிறகு கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு கைப்பிடிப் புல்லை 2ஆம் அத்தியாயத்தில் யாராவது பார்க்கட்டும், அர்த்தம் 20க்குப் பிறகு புரியட்டும்.

இலை வாட்டும் தொட்டியும் நேரம் சொல்லும். இலை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தொட்டியில் கிடந்து வாடும், அடியில் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் கூக்குரல் கேட்காது. ஃபேனை நிறுத்திவிட்டால் இலை சூடேறிச் சிவக்கத் தொடங்கும்.

வெளியூர்க்காரர் மீது சந்தேகத்தைத் திருப்பப் போகிறீர்கள் என்றால் கதை எந்த வருஷம் என்று முடிவு செய்யுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. அரசுப் பேருந்தில் வருபவருக்கு வேண்டாம். அந்த ஓட்டை உங்களுக்குப் பயன்படும்.

செம்பகனூரான்:
கொலையை விவரிப்பது பற்றி. ஆதியாகமம் 4இல் காயீன் தம்பி ஆபேலைக் கொல்லும் கொலைக்கு ஒரே வசனத்தில் பாதிதான். அதற்குப் பிறகு நடக்கும் விசாரணைதான் நீளம். தாவீது ராஜா சாகடித்த போர்வீரன் உரியாவின் மரணத்தைப் பாருங்கள்: தன் சாவுக்கான கடிதத்தைத் தானே எடுத்துக்கொண்டு போகிறான், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஒரு துளி ரத்தம் இல்லாமல் வயிற்றைப் பிசைகிறது. இறந்தவரின் கடைசி அரை மணி நேரத்தை அப்படி எழுதலாம்: ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றி வைக்கிறார், நாளைக்குச் சம்பளப் பட்டியல் போட வேண்டும் என்று பென்சில் சீவுகிறார். காயத்தை மருத்துவ அறிக்கையில் இரண்டு வரியில் சொன்னால் போதும். பாவத்தை மங்கலாக்கவும் வேண்டாம். இறந்தவரை ஒரு மனிதராகக் காட்டினாலே அதன் கனம் வந்துவிடும்.

மனந்திரும்புதல் 30இல் இருப்பதுதான் உங்கள் பெரிய சிக்கல். கையில் விலங்கு விழுந்த பிறகு அழுவதற்கு விலை கிடையாது, யாரும் நம்ப மாட்டார்கள். பிடிபடுவதற்கு முன்னால், தப்பித்துப் போக வழி இருக்கும்போதே அவர் திரும்ப வேண்டும். வார்த்தையாலும் அல்ல. இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்றான். உங்கள் பொருளாளரும் யார் யாருக்கு எத்தனை கிலோ என்று பட்டியல் போட உட்காரட்டும்.

இன்னொன்று. அவர் யாரிடமாவது சொல்லப்போகிறார் என்றால் சபைமுறை தவறக் கூடாது. கத்தோலிக்கக் குருவிடம் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தச் சூழ்நிலையிலும் வெளியே சொல்ல முடியாது. மீறினால் திருச்சபைச் சட்டப்படி அந்தக் கணமே விலக்கு. சி.எஸ்.ஐ. ஆயரிடம் தனியாகப் பேசுவது அந்த அருட்சாதனம் அல்ல. நம் சாட்சியச் சட்டத்தில் வக்கீலுக்கு உள்ள பாதுகாப்பு போதகருக்கென்று எழுதப்படவில்லை. நீதிமன்றம் கேட்டால் ஆயர் என்ன செய்வார்? உங்கள் கதை சி.எஸ்.ஐ. என்பதால் இந்த நெருக்கடி இலவசமாகக் கிடைக்கிறது.

பனிமலர்:
மிக்க நன்றி. மனந்திரும்புதலை 26க்குக் கொண்டுபோனால் கொலைகாரர் யார் என்று தெரிந்துவிடுமே, அப்புறம் சஸ்பென்ஸ் எங்கே?

எஸ்றா_குன்னூர்:
யார் என்ற கேள்வி முடியும், என்ன செய்வார் என்ற கேள்வி தொடங்கும். சேவல் கூவுமுன் என்னை மறுதலிப்பாய் என்று இயேசு முன்னாலேயே சொல்லிவிட்ட பிறகும் பேதுரு முற்றத்தில் தீக்காய்கிற இடத்தில் நமக்கு மூச்சு முட்டுகிறது அல்லவா? 25இல் வேறொரு அப்பாவி, உதாரணமாகத் தொட்டியில் வேலை பார்க்கும் பையன், கைதாகட்டும். 26இல் பொருளாளர் பட்டியல் எழுதி முடிக்கிறார், வாசகருக்கு மட்டும் தெரியும். 27இல் ஆசிரியை கஞ்சியோடு வருகிறாள். பட்டியல் மேசைமேல், புத்தகம் கட்டிலுக்கடியில், அவர் சமையல்கட்டில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு நிற்கிறார். இரண்டையும் எரித்துவிட அவருக்கு இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்துக்கு முழு அத்தியாயத்தையும் கொடுங்கள்.