சலானில் ஏ.எம்., பி.எம். மாறிப்போனால் கேஸே செல்லாதா?

எழுத்தர்_22:
நேற்று இங்கே ஸ்கூட்டர்_சிங்கம் போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏப்ரல் 24-ஆம் தேதி வேளச்சேரி மெயின் ரோட்டில் இவர் 67 கிலோமீட்டர் வேகத்தில் போனதாக இ-சலான் வந்திருக்கிறது. நேரம் 12.40 பி.எம். என்று இருக்க வேண்டியது 12.40 ஏ.எம். என்று அச்சாகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். அதற்கு இவர், "ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் சலான் வெறும் காகிதம், கிழித்துப் போடுங்கள், ஒருத்தனும் கேட்க முடியாது" என்று எழுதுகிறார், நாலு பேர் "செம தலைவா" என்கிறார்கள். நீதிமன்ற அலுவலகத்தில் 22 வருஷம் கோப்பு கட்டினவன் நான். எழுத்துப் பிழைக்காகவெல்லாம் கேஸ் செத்துப்போகும் என்றால் இந்த நாட்டில் ஒரு கேஸும் உயிரோடு இருக்காது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 215-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 238, என்ன சொல்கிறது? அந்தப் பிழையால் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், குழம்பிப்போய் அவருக்கு அநீதி நடந்திருந்தால்தான் அது பெரிய பிழை. இவர் எங்கே குழம்பினார்? சலானோடு வந்த கேமரா படத்தில் பட்டப்பகல் வெயில் அடிக்கிறது, இவர் கட்டம் போட்ட சட்டையில் காய்கறிப் பையோடு போகிறார்.

ஸ்கூட்டர்_சிங்கம்:
வாங்க சார், உங்களைத்தான் காணோமே என்று பார்த்தேன். போன வருஷம் டயருக்கு நைட்ரஜன் காற்று அடிப்பது பற்றி இப்படித்தான் 22 வருஷக் கதை சொன்னீர்கள். நீங்கள் சொல்லும் 215 குற்றச்சாட்டு எழுதும்போது வரும் பிழைக்கு, சலானுக்கு இல்லை. நான் கேட்பது ஒரே கேள்வி. மத்திய மோட்டார் வாகன விதி 167-ஏ, 2021 ஆகஸ்டில் வந்தது, கேமராவை வைத்து சலான் போட்டால் தேதி, நேரம், இடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்கிறது. நேரம் தப்பு. ஏப்ரல் 24 ராத்திரி 12.40-க்கு நான் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன், என் மனைவியே சாட்சி. அப்புறம் "பட்டப்பகல் வெயில்" என்கிறீர்கள். பகல் என்றால் நிழல் எங்கே? படத்தை நன்றாகப் பாருங்கள். வண்டிக்கும் நிழல் இல்லை, பக்கத்தில் இருக்கும் கம்பத்துக்கும் நிழல் இல்லை. நிழல் இல்லாத வெயிலை நான் பார்த்ததில்லை. அது கேமரா பிளாஷ்.

எழுத்தர்_22:
பிளாஷ் அடித்தால் வானம் நீலமாகத் தெரியுமா ஐயா?

ஸ்கூட்டர்_சிங்கம்:
நிழல் எங்கே என்றுதான் கேட்டேன். வானத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

மடிப்பாக்கம்_அக்கா:
சண்டைக்கு நடுவே வருகிறேன், மன்னிக்கவும். எனக்கும் இப்படி ஒன்று வந்தது. என் வண்டி நம்பரில் கடைசி இலக்கம் 3, கேமரா அதை 8 என்று படித்துவிட்டது. இல்லை, எதிர்ப்பக்கம், யாரோ ஒருவருடைய 8-ஐ 3 என்று படித்து எனக்கு அனுப்பிவிட்டது. படத்தைத் திறந்து பார்த்தால் கறுப்பு வண்டி, இடப்பக்கக் கண்ணாடி இல்லை, சீட் கிழிந்து மஞ்சள் பஞ்சு வெளியே தெரிகிறது. என்னுடையது வெள்ளை. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே புகார் போடும் வசதி இருக்கிறது, அதில் ஆர்.சி. நகலையும் என் வண்டியை முன்னால் பின்னால் எடுத்த படங்களையும் ஏற்றினேன். பதில் வர நாளானது, நேரில் ஒருமுறை போனேன், அங்கே இருந்தவர் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து சிரித்துவிட்டார், அப்புறம் ரத்து செய்துவிட்டார்கள். கிழித்துப் போட்டிருந்தால் ஆர்.சி. பெயர் மாற்றப் போகும்போது நிலுவை என்று வந்து நின்றிருக்கும். சிங்கம் தம்பி, உங்களுக்கு சலான் எந்தத் தேதியில் வந்தது? அந்த 167-ஏ விதியிலேயே 15 நாளுக்குள் அறிவிப்பு வர வேண்டும் என்று இருக்கிறதே.

ஸ்கூட்டர்_சிங்கம்:
மே 13-ஆம் தேதி வந்தது அக்கா. அது இருக்கட்டும், நிழலுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மடிப்பாக்கம்_அக்கா:
ஏப்ரல் 24-லிருந்து மே 13 என்றால் 19 நாள். அதைக் கேளுங்கள் தம்பி, அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

எழுத்தர்_22:
நிழலுக்கு நான் பதில் சொல்கிறேன். சென்னையில் ஏப்ரல் 24, 25-ஐ ஒட்டி சூரியன் உச்சி வேளையில் நேராகத் தலைக்கு மேல் வரும். நிழலில்லா நாள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் மொட்டை மாடியில் குச்சி நட்டுக் காட்டுவார்கள். ஆகஸ்டில் இன்னொரு முறை வரும். நம் ஊருக்கு உச்சி வேளை 12 மணி ஏழு நிமிஷத்துக்கு. 12.40-க்கு ஒரு மீட்டர் குச்சிக்கு ஒரு சாண் நிழல்கூட விழாது. உங்கள் நிழல் உங்கள் வண்டிக்கு அடியிலேயே இருக்கிறது. நிழல் இல்லை என்று நீங்கள் சொல்வதே அது நடுப்பகல் என்பதற்குச் சாட்சி. இதைவிட அழகாக உங்கள் கேஸை நீங்களே கெடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்கூட்டர்_சிங்கம்:
ஆஹா, இப்போது வானியல் வகுப்பா. 22 வருஷம் கோப்பு கட்டினீர்களா, பஞ்சாங்கம் கட்டினீர்களா? ஒரு சாண் விழாது என்றால் அரைச் சாணாவது விழ வேண்டுமே. அந்த அரைச் சாண் எங்கே?

எழுத்தர்_22:
வண்டிக்கு அடியில்! எத்தனை முறை சொல்வது!

ஜிஎஸ்டி_ரோடு:
அண்ணே, நிழலை விடுங்க. சிங்கம் ஓட்டுவது 2009 மாடல் ஸ்கூட்டி என்று இவரே பழைய பதிவில் எழுதியிருக்கிறார், மேம்பாலம் ஏறவே மூச்சு வாங்கும் என்று வேறு புலம்பினார். அது எப்படி 67 போகும்? ஸ்பீட் கன் தப்பு. ஏ.எம்., பி.எம். எல்லாம் அப்புறம்.

ஸ்கூட்டர்_சிங்கம்:
யோவ், என் வண்டி 80 போகும். புது கார்புரேட்டர் போட்டிருக்கிறேன்.

எழுத்தர்_22:
எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள், எதிரி தரப்பு வாக்குமூலம்.

ஸ்கூட்டர்_சிங்கம்:
போகும் என்றுதான் சொன்னேன், போனேன் என்று சொல்லவில்லை. தமிழ் புரியாதா?

தனித்தமிழ்_தம்பி:
தமிழ் என்று வந்ததால் சொல்கிறேன். சலான், செலான் என்று ஆளுக்கொரு விதமாக எழுதாமல் அபராதச் சீட்டு என்று எழுதலாமே.

ஜிஎஸ்டி_ரோடு:
அபராதமே வடசொல் தம்பி. தண்டம் என்று எழுதலாம் என்றால் அதுவும் அப்படித்தான்.

தனித்தமிழ்_தம்பி:
ஒறுப்புச் சீட்டு என்று எழுதுங்கள். தமிழில் சொல் இல்லை என்பவர்களுக்குத்தான் தமிழ் தெரியாது.

ஜிஎஸ்டி_ரோடு:
சரி, சிக்னலில் நிற்கும் போலீஸ்காரரிடம் "ஐயா என் ஒறுப்புச் சீட்டில் பிழை" என்று சொல்லிப் பாருங்கள், ஊதச் சொல்வார்.

எழுத்தர்_22:
பேச்சை மாற்றாதீர்கள். ஸ்கூட்டி 67 போகுமா என்பது வேறு பேச்சு. 2023 நவம்பரிலிருந்து சென்னைக்குள் இருசக்கர வண்டிக்கு 50-தான் எல்லை, குடியிருப்புத் தெருக்களில் 30. வேகத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆம் பிரிவில் ஆயிரம் ரூபாய். கட்ட மனமில்லை என்றால் ஆன்லைனில் இருக்கும் விர்ச்சுவல் கோர்ட்டில் மறுக்கிறேன் என்று அழுத்தினால் வழக்கமான கோர்ட்டுக்குப் போய்விடும், அங்கே போய் வாதாடட்டும். ஆனால் அங்கே மாஜிஸ்திரேட் முதலில் படத்தைத்தான் பார்ப்பார். படத்தில் என்ன இருக்கிறது? நான் நேற்று பெரிதாக்கிப் பார்த்தேன். சிங்கத்தின் ஹெல்மெட் தலையில் இல்லை, இடது முழங்கையில் வளையல் மாதிரி தொங்குகிறது. அதற்கு 194-டி, இன்னொரு ஆயிரம். மணியைத் திருத்தச் சொல்லிக் கேட்கப் போனால் ஹெல்மெட்டும் கூடவே வரும்.

ஸ்கூட்டர்_சிங்கம்:
அது ஹெல்மெட் இல்லை, பூசணிக்காய்.

எழுத்தர்_22:
பூசணிக்காய்க்கு வாரும் பக்கிளும் எப்போது முளைத்தது?

மடிப்பாக்கம்_அக்கா:
15 நாள் பற்றி யாராவது பேசுகிறீர்களா? அந்த விதியில் இன்னும் இருக்கிறது. கேமராவுக்கு வருஷா வருஷம் புதுப்பித்த சான்றிதழ் இருக்க வேண்டும், கேமரா இருப்பதாக முன்கூட்டியே பலகை வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் எழுத்தில் கேட்டால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். நிழலுக்கு யார் பதில் சொல்வார்கள்?

எழுத்தர்_22:
அக்கா, நீங்கள் சொல்வது தனி விஷயம். இவர் சொன்னது "ஒரு எழுத்து தப்பானால் செல்லாது" என்பது. அதற்குத்தான் நான் வந்தேன். அதை முதலில் இவர் வாபஸ் வாங்கட்டும்.

ஸ்கூட்டர்_சிங்கம்:
ஏன் வாங்க வேண்டும்? ராத்திரி என்று எழுதினால் ராத்திரிதான். நாளைக்கு உங்கள் பென்ஷன் ஆர்டரில் ஒரு பூஜ்யம் விட்டுப்போனால் "சின்னப் பிழை, நான் குழம்பவில்லை" என்று சும்மா இருப்பீர்களா?

எழுத்தர்_22:
திருத்தச் சொல்வேன். கிழித்துப் போட மாட்டேன். நான் தலைப்பாடாக அடித்துக்கொள்வது அதைத்தானே!

ஜிஎஸ்டி_ரோடு:
எழுத்தர் சார் கோபத்தில் இருக்கும்போது ஆச்சரியக்குறி போடுவார், எல்லாரும் கவனித்தீர்களா?

எழுத்தர்_22:
நான் கோபப்படவில்லை. 22 வருஷத்தில் இப்படி ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிற்று, அப்பா பெயரில் இனிஷியல் மாறிவிட்டது, சட்டைக் கலர் தப்பு என்று மடிப்புக் கலையாத காகிதத்தோடு வருவார்கள். காலையில் பத்தரை மணிக்கு வந்து உட்கார்ந்தால் பெயர் கூப்பிட மத்தியானம் ஆகும், வெளியே டீக்கடையில் நாலு டீ, ஒரு வடை, ஒருநாள் கூலி போச்சு. உள்ளே போனால் ஒரே நிமிஷத்தில் மணியைத் திருத்தச் சொல்லிவிட்டு அடுத்த கேஸ். நாகரிகமாக ஒரு மனு எழுதி, படத்தை இணைத்து, நேரம் தவறு என்று காட்டினால் போதும். சிங்கத்துக்கு அது பிடிக்காது, ஏனென்றால் நேரத்தைத் திருத்தினால் கேஸ் சரியாகிவிடும்.

ஸ்கூட்டர்_சிங்கம்:
பார்த்தீர்களா, இவரே ஒத்துக்கொண்டார், இப்போது கேஸ் சரியில்லை என்று.

எழுத்தர்_22:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

ஸ்கூட்டர்_சிங்கம்:
"திருத்தினால் சரியாகிவிடும்" என்றால் திருத்தாதவரை சரியில்லை என்றுதானே அர்த்தம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன். நாளை மத்தியானம் சரியாக 12.40-க்கு அதே இடத்தில் வண்டியை நிறுத்தி நானே படம் எடுத்துப் போடுகிறேன், நிழல் விழுகிறதா இல்லையா என்று ஊரே பார்க்கட்டும்.

எழுத்தர்_22:
நாளைக்கு மே 17. சூரியன் வடக்கே ஏறிவிட்டது, இனி நிழல் தெற்கே சாயும். ஏப்ரல் 24-இன் நிழலை மே மாதத்தில் எடுக்க முடியாது. அப்புறம் அந்த இடம் நோ பார்க்கிங்.

ஸ்கூட்டர்_சிங்கம்:
தெற்கே சாயுமாம்! அப்போ நிழல் உண்டு என்கிறீர்கள்?

தனித்தமிழ்_தம்பி:
நோ பார்க்கிங் என்பதற்கும் தமிழ் இருக்கிறது.