உரிமம் உள்ள ரிவால்வரின் பிடி சட்டைக்கு வெளியே தெரிந்தால் குற்றமா?

கேள்வி – காரைக்குடி அடகுக்கடைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். மாவட்ட ஆட்சியர் வழங்கிய உரிமத்தின் பேரில் .32 ரிவால்வர் ஒன்று வைத்திருக்கிறேன். நகையும் பணமும் கொண்டு புதுக்கோட்டைக்குப் போகும் நாள்களில் மட்டும் அதை உறையிலிட்டு இடுப்பில் கட்டிக்கொள்வேன். சட்டையை வெளியே விட்டிருந்தாலும், மோட்டார் சைக்கிளில் ஏறி உட்காரும்போது அது மேலேறிப் பிடி தெரிந்துவிடுகிறது. பார்த்தவர் யாரேனும் புகார் கொடுத்தால் குற்றமாகுமா? முழுக்க மறைத்துக்கொண்டு போனாலோ, சோதனையில் காவலர்கள் சந்தேகப்படுவார்களோ என்று அஞ்சுகிறேன். தை மாதம் கானாடுகாத்தானில் பங்காளி வீட்டுத் திருமணத்தில் மொய்ப்பணப் பொறுப்பு என்னுடையது. அங்கே கொண்டு போகலாமா?

பதில் – சிவகங்கை வழக்கறிஞர்

ஐயா, வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லும் உரிமை, மறைத்து எடுத்துச் செல்லும் உரிமை என்ற இரு வகை நம் நாட்டில் இல்லை. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையில் இருக்க வேண்டும், முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும், எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்கின்றன. ஆகவே மறைத்து வைப்பது விதிப்படியான செயலே; அதற்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. சோதனையில் கேட்டால் உரிமப் புத்தகத்தை உடனே காட்டுங்கள்.

சிக்கல் 'முழுவதும்' என்பதில்தான் இருக்கிறது. கடைகளில் விற்கும் பல உறைகள் குழலையும் விசையையும் மட்டுமே மூடுகின்றன, பிடி வெளியே நிற்கிறது. சட்டை அதை மூடியிருக்கும் வரை கேள்வி எழாது, சட்டை விலகிய அந்தக் கணத்தில் விதி மீறப்பட்டதா என்று வாதாட இடமுண்டு. தற்செயலாக விலகியதை எந்த அதிகாரியும் பெரிதுபடுத்த மாட்டார் என்று நம்பிக்கொண்டிருப்பது என் பார்வையில் சரியல்ல. உரிம நிபந்தனையையோ விதியையோ மீறினால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். உரிமத்தையே ரத்து செய்யவும் 17ஆம் பிரிவு இடமளிக்கிறது. பிடியின் மேல் மடிந்து பொத்தானிட்டு மூடும் தோலுறையை வாங்கிவிடுங்கள். புதுக்கோட்டை வேறு மாவட்டம் என்பதால், உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் – ஹூஸ்டனிலிருந்து ஒரு தேவகோட்டைக்காரர்

அண்ணே, இங்கே டெக்சாஸில் நிலைமை வேறு. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து சட்டத் தடை எதுவும் இல்லாதவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஓரளவோ முழுவதுமோ வெளியே தெரிந்தாலும் உறையில் இருந்தால் போதும். ஊரிலிருந்து ஹெச்1பி விசாவில் வரும் நம் பிள்ளைகள் இதை நம்பி ஏமாறக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது.

பதில் – சிவகங்கை வழக்கறிஞர்

திருமணத்தைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். சந்தை, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்கு மாவட்ட ஆட்சியரின் தனி அனுமதியின்றி ஆயுதம் கொண்டு செல்லக் கூடாது என்பது உரிம நிபந்தனை. திருமணம் வீட்டுக்குள்தானே என்று நீங்கள் கேட்கலாம். செட்டிநாட்டு வீட்டில் வளவு என்னும் உள்முற்றம் தனியிடமாகவே இருந்தாலும், பந்தல் முகப்பைத் தாண்டித் தெரு வரை இறங்கி, ஊரே வந்து போகும்போது, அது எந்த இடத்தில் பொது இடமாகிறது என்று கோடு கிழிப்பது கடினம். யாராவது 'ஒரு வெடி வெடியுங்கள்' என்று உற்சாகப்படுத்தினால், 2019 திருத்தத்தின்படி அந்தக் கொண்டாட்டச் சுடுதலுக்கு இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ரிவால்வரை வண்டியில் வைத்துவிட்டுப் பந்திக்குப் போனாலும் அது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்றாகிவிடும். வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போங்கள். மொய்ப்பணத்துக்குத் துணையாக இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. உறையை மாற்றிவிடுகிறேன், திருமணத்துக்கு ரிவால்வரைக் கொண்டு போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். உரிமப் புத்தகத்தில் 'தமிழ்நாடு முழுவதும்' என்றே இருக்கிறது.