2 மைக்ரான் களிமண் கடலடிக்குப் போக 30 வருஷமா? கணக்கு உதைக்குதே

ஈரமணல்:
வணக்கம். கடலியல் முதுகலை, முதல் வருஷம். வகுப்புல ஸ்டோக்ஸ் விதி (தண்ணியில சின்னத் துகள் இறங்குற வேகத்துக்கான சூத்திரம்) நடத்தினாங்க. ரூமுக்கு வந்து சும்மா போட்டுப் பார்த்தேன். 2 மைக்ரான் விட்டமுள்ள களிமண் துகள், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம். இறங்குற வேகம் நாளுக்கு ஏறக்குறைய 27 சென்டிமீட்டர் வருது. அப்ப 3000 மீட்டர் இறங்க 30 வருஷம்! ஆனா வங்காள விரிகுடாவுல 1987லிருந்து வச்ச செடிமென்ட் ட்ராப்புகள்ல (மேலேருந்து விழற வண்டலைப் பிடிக்கிற கருவி), பருவமழைக் காலத்திலேயே ஆழத்துலயும் களிமண் வரவு கூடுதுன்னு படிச்சேன். கங்கைச் சேறு அவ்வளவு சீக்கிரம் எப்படிக் கீழ போச்சு? என் கணக்கு தப்பா, இல்ல கடல்ல அந்த விதி செல்லாதா?

நீலக்கோடு:
கணக்கு சரிதான். உப்புத்தண்ணி பட்டதும் களிமண் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். வேகம் விட்டத்தோட வர்க்கத்துல ஏறும்ங்கிறதை மறந்துடாதீங்க.

ஆழ்கடல் அக்கா:
நீலக்கோடு சொன்னது முகத்துவாரத்துக்குச் சரி. ஆனா அங்க ஒட்டினதுல பெரும்பகுதி கரைப்பக்கமே படிஞ்சுடும். நடுக்கடல்ல நடக்கிறது வேற.

ஈரமணல் (தம்பியா தங்கையான்னு தெரியல), விதி மேல பழி போடாதீங்க. நீங்க போட்ட விட்டத்தோட ஒரு துகள் தன்னந்தனியா அடிவரைக்கும் போறது அபூர்வம். போற வழியில அதை யாராவது தின்னுடுறாங்க. கோப்பிபாட் மாதிரி மிதவை உயிரிகள் பாசியை வடிகட்டித் தின்னும்போது களிமண்ணும் வயித்துக்குள்ள போகுது. வெளியே வர்றது மெல்லிய உறை போட்ட எச்ச உருண்டை. அது நாளுக்குப் பல பத்து மீட்டர்லருந்து இருநூறு மீட்டர் வரை இறங்கும். சால்ப்ங்கிற ஜெல்லி மாதிரி மிதவை உயிரியோட எச்சமா இருந்தா நாளுக்கு ஆயிரம் மீட்டரைக்கூடத் தொடும். சராசரியா 100 மீட்டர்னு வச்சுக்கோங்க, உங்க 3000 மீட்டர் ஒரே மாசம்.

இன்னொண்ணு கடல்பனி. செத்த பாசி, சளி, லார்வேசியன்ங்கிற மிதவை உயிரி கழற்றிப்போட்ட சளிக்கூடு எல்லாம் சேர்ந்த பிசுபிசுப்பான திரள். அரை மில்லிமீட்டருக்கு மேல வளரும். ஆனா ரொம்ப லேசு, பாதியிலேயே பாக்டீரியா தின்னு தீர்த்துடும். ஆத்துக் களிமண் அதுல ஒட்டினாதான் எடை கூடி வேகமா இறங்கும். அதாவது களிமண்ணுக்குப் பாசி வாகனம், பாசிக்குக் களிமண் எடைக்கல். வங்காள விரிகுடாவுல மழைக்காலத்துல ரெண்டும் ஒண்ணா ட்ராப்புல விழறதுக்குக் காரணம் இதுதான்.

நான் கப்பல்ல ட்ராப் இறக்கியும் இருக்கேன், ஆய்வகத்துல கப் பிரிச்சும் இருக்கேன். ட்ராப்னா ஒரு பெரிய புனல், வாய் அரை சதுர மீட்டர். அடியில வட்டத்தட்டுல கப்புங்க, குறிச்ச நாள் வந்ததும் மோட்டார் அடுத்த கப்பைத் திருப்பி வைக்கும். உள்ள விழுந்தது அழுகாம இருக்க ஃபார்மலின் கலந்த உப்புத்தண்ணி. பல மாசம் கழிச்சு கப்பல்லருந்து ஒலி சிக்னல் கொடுத்தா, கொக்கி நங்கூரத்தை விட்டுடும், கண்ணாடி மிதவைகள் மொத்தத்தையும் மேல தூக்கிட்டு வரும். பார்க்க நல்லாத்தான் இருக்கும். அதுக்கப்புறம்தான் வேலையே. தானா நீந்தி உள்ள வந்து செத்ததையெல்லாம் பொறுக்கி எறியணும், அது மேலேருந்து விழுந்த வரவு இல்லையே. பெரிய இறாலா இருந்தா சுலபம். டெரோபாட் (நீந்துற சின்னக் கடல் நத்தை) வந்தா தகராறு: ஓட்டோட செத்து விழுந்ததா, உயிரோட உள்ள வந்ததா? ஒரே கப்பை ரெண்டு பேர்கிட்ட கொடுத்தா ரெண்டு எடை வரும். கட்டுரையில சதுர மீட்டருக்கு நாளுக்கு இத்தனை மில்லிகிராம்னு தசமத்தோட போட்டிருக்கிற எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடயே பாருங்க. அதுக்குப் பின்னால ட்வீசரும் கழுத்துவலியுமா ஒருத்தர் உட்கார்ந்திருந்தாங்க.

மேல் சில நூறு மீட்டர்ல இன்னும் மோசம். நீரோட்டம் வேகமா இருந்தா, காத்தடிக்கும்போது குடத்துல மழைத்தண்ணி பிடிக்கிற கதைதான். அதனால அங்க தோரியம்-234ங்கிற கதிரியக்கப் பொருளையும் அளப்பாங்க. கடல்நீர்ல கரைஞ்சிருக்கிற யுரேனியத்துலருந்து அது பிறந்துக்கிட்டே இருக்கும், பிறந்ததும் துகள்ல ஒட்டிக்கும். அரைவாழ்வு 24 நாள். மேல்நீர்ல இருக்கவேண்டிய அளவை விட எவ்வளவு குறையுதோ, அதை வச்சு எவ்வளவு துகள் கீழ போச்சுன்னு கணக்குப் போடலாம். ட்வீசரே வேண்டாம்.

ஈரமணல்:
தம்பிதான் அக்கா. ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம்: வங்காள விரிகுடா அடியில கிடக்கிற அத்தனை வண்டலும் இப்படி எச்சமா விழுந்ததுதானா?

நங்கூரம்:
இல்லவே இல்ல. நான் கடலடி கேபிள் போடற கப்பல்ல இருக்கேன். மேலேருந்து விழறதைப் பத்தி எங்களுக்குக் கவலை இல்ல, அடியில ஓடி வர்றதுதான் எமன். 1929 நவம்பர்ல கனடாவுக்குக் கிழக்கே கிராண்ட் பேங்க்ஸ்ல நிலநடுக்கம். சரிவுல கிடந்த சேறு கலங்கி ஆறா இறங்கிச்சு. தந்திக் கேபிள்கள் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா, ஆழம் நோக்கி வரிசையா அறுந்துச்சு. எது எத்தனை மணிக்கு அறுந்துச்சுங்கிற பதிவை வச்சு 1952ல ஹீசன், யூயிங்ங்கிற ரெண்டு கடலடி ஆய்வாளர்கள் அந்தச் சேற்று ஓட்டத்தோட வேகத்தைக் கணிச்சாங்க. 2020 ஜனவரியில காங்கோ ஆத்துக்கு வெளியே அதே மாதிரி ஒண்ணு 1100 கிலோமீட்டருக்கு மேல ஓடி ரெண்டு கேபிளை அறுத்துச்சு.

உங்க விரிகுடாவுக்கும் அப்படி ஒரு பாதை இருக்கு. வங்கதேசக் கரைக்கு வெளியே 'ஸ்வாட்ச் ஆஃப் நோ கிரவுண்ட்'னு ஒரு பள்ளத்தாக்கு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டு வர்றதுல ஒரு நல்ல பங்கு அதுக்குள்ள விழுந்து, அங்கருந்து தெற்கே போயிருக்கு. அப்படிப் படிஞ்ச வண்டல் விசிறி 3000 கிலோமீட்டர் நீளம், நிலநடுக்கோட்டையும் தாண்டுது. 2015ல அதுல துளை போட்டது வட அட்சம் 8 டிகிரியில, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட நேர்ல. இமயமலை மணலை அங்க எடுத்தாங்க.

ஆழ்கடல் அக்கா:
நங்கூரம் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோ தம்பி. சில இடத்துல ஆழத்து ட்ராப், மேல இருக்கிற ட்ராப்பை விட அதிகமாப் பிடிக்கும். மேலேருந்து மட்டும்தான் விழுதுன்னா அது நடக்காது. கண்டச் சரிவுல கிளம்பின சேறு பக்கவாட்டுல மிதந்து வந்து விழுது. அதனால கட்டுரையை எடுத்ததும், ட்ராப் எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு பார்க்கிறதோட கடலடிக்கு எத்தனை மீட்டர் மேல இருக்குன்னும் பாரு. ரொம்பக் கிட்டன்னா கலங்கின அடிச்சேறும் சேர்ந்திருக்கும். அப்புறம் உன் கணக்கை 2 மைக்ரானுக்குப் பதிலா 100 மைக்ரான் எச்ச உருண்டைக்குப் போடு, ஆனா அடர்த்தி 2.65 போடாதே. 1.2 போட்டு என்ன வருதுன்னு இங்க எழுது.