மறு: 'நிறை உமிழ்வு'க்குப் பதில் 'எறிமுகில்'?

வணக்கம். சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவிலிருந்து பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) பெருந்திரளாக எறியப்படுவதை ஆங்கிலத்தில் coronal mass ejection என்பார்கள். அதற்குத் தமிழில் 'கொரோனா நிறை உமிழ்வு' என்பதற்குப் பதில் 'எறிமுகில்' என்று வைக்கலாமா என்பதுதான் பேச்சு.

சென்னை அண்ணா எழுதியது:
> 'கொரோனா நிறை உமிழ்வு' ஆங்கில மூலத்துக்கு நேரான சொல். அதை ஏன் மாற்ற வேண்டும்?

நேரான சொல்தான் அண்ணா. இங்கே திருகோணமலையில் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். 'உமிழ்வு' என்றதும் பின்வாங்கில் சிரிப்பு. 'கொரோனா' என்றதும் முகக்கவசம் போட வேண்டுமா என்று ஒரு பொடியன் கேட்டான். சரி, அதை விடுவோம். என் சிக்கல் வேறு.

உமிழ்வு என்பது ஒரு செயல். அது சூரியனிலேயே சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் ஒன்றிரண்டு நாளோ, மூன்று நான்கு நாளோ வழியில் வந்துகொண்டிருப்பது ஒரு பொருள்: காந்தப்புலத்தைத் தனக்குள் சுருட்டி வைத்திருக்கும் பிளாஸ்மாத் திரள். வேகம் நொடிக்கு 250 கிலோமீட்டரும் இருக்கலாம், 3000-ஐ நெருங்கவும் செய்யலாம். 'உமிழ்வு வியாழக்கிழமை வந்துசேரும்' என்றால் காதுக்கு ஒட்டுகிறதா? 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்கள் ஊருக்கு வடக்கே கரையேறியது. அன்று பகல் முழுக்க "இப்ப எங்க நிக்குது, எத்தனை மணிக்கு ஏறும்" என்பதுதான் பேச்சு. அப்படிக் கேட்க ஒரு பெயர்ச்சொல் வேண்டும். ஆங்கிலத்திலும் வழியில் வருவதற்குக் 'கோளிடை' (interplanetary) என்று ஒரு முன்னொட்டைப் பிறகு ஒட்டித்தான் சமாளித்தார்கள்.

ஆகவே சூரியனில் நடப்பது 'எறிவு', புறப்பட்டு வருவது 'எறிமுகில்'. வினைத்தொகை என்பதால் எறிந்த, எறிகின்ற, எறியும் முகில் என்று மூன்று காலமும் அடங்கும். முகில் தமிழ்நாட்டில் கவிதைச் சொல்லாகக் கேட்கலாம். எங்களுக்கு அன்றாடச் சொல்.

மட்டக்களப்பு ரீச்சர் எழுதியது:
> 'எறி' என்றால் எனக்கு எறிகணைதான் வருகிறது.

எனக்கும்தான் ரீச்சர். இரண்டு நாள் தயங்கினேன். 'வீச்சுமுகில்' என்று மாற்றினால் வீச்சுவலை நினைவு வரும், அது நல்ல நினைவு. ஆனால் 'வீச்சு' இயற்பியலில் ஏற்கெனவே அலையின் amplitude-க்குப் போய்விட்டது.

இன்னொரு தடை, 'காந்த முகில்' என்ற சொல் ஏற்கெனவே உண்டு. அது இடிக்காது. காந்தப்புலம் ஒழுங்காகச் சுழன்று திரும்பும் எறிமுகிலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது எறிமுகிலில் ஒரு வகை.

தொடர்ந்து பார்ப்பதற்குத் 'தடந்தொடர்தல்' போதும். சோஹோ விண்கலம் சூரிய வட்டை ஒரு தட்டால் மறைத்துப் புறப்பாட்டைக் காண்கிறது. 2006-இல் போன ஸ்டீரியோ இரட்டைக் கலங்கள் பக்கவாட்டில் நின்று பார்த்தன. உதகையின் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி தொலைவிலுள்ள ரேடியோ மூலங்கள் மினுங்குவதை வைத்து, இடையில் என்ன கடந்து போகிறது என்று கணிக்கிறது. எறிமுகிலின் காந்தப்புலம் தெற்கு நோக்கியதா என்பது மட்டும், பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 இலட்சம் கிலோமீட்டரில் நிற்கும் கலத்தின் மேல் மோதும்போதுதான் உறுதியாகும். தெற்கென்றால் பூமியின் காந்தப்புலத்தில் எழும் புயல் பலமாக இருக்கும். அதற்குள் நமக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரமோ, அதிலும் குறைவோ.

நேரே நம்மை நோக்கி வருவது மறைதட்டைச் சுற்றி வளையமாகத் தெரியும். அதற்கு 'ஒளிவட்டம்' சரிவராது, கொரோனாவுக்கே அந்தப் பெயரைச் சிலர் எழுதுகிறார்கள். நிலாவைச் சுற்றி வளையம் தெரிவதற்கு, அதாவது நிலா கோட்டை கட்டுவதற்கு, பழைய சொல் 'ஊர்கோள்'. 'ஊர்கோள் முகில்' என்று வைக்கலாமா? நேர் எதிர்ப்பக்கம் போவதும் அப்படியே வளையமாகத் தெரியும் என்பதால், பெயரில் 'வரும்' என்ற பொருள் ஏறாமல் பார்க்க வேண்டும். அண்ணா, இதில் உங்கள் கருத்து?