முள்ளுக்கு என்ன அவசரம்

குழு: மலைக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம்

வியாழன்

நான் (காலை 7.10): சித்தப்பா, ஒரு சந்தேகம். அப்பாவின் பழைய காரில் ஆர்பிஎம் முள், அதான் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுமே அது, ரொம்ப மந்தம். நேற்று புளியரை எஸ் வளைவில் எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் செகண்ட் கியருக்கு இறக்கி ரேஸ் கொடுத்தேன். எஞ்சின் கத்தி முடித்த பிறகுதான் முள் எழுந்து வருகிறது.

கழுதுருட்டி அண்ணன்: காது எதற்கு இருக்கிறது? பெரியப்பா முள்ளைப் பார்த்தா இந்த மலையை ஏறினார்?

புனலூர் அத்தை: ஞாயிற்றுக்கிழமை அச்சன்கோவிலுக்கு அந்த வண்டிதானே? ஓடுமா ஓடாதா, அதைச் சொல்லு.

நான்: ஓடும் அத்தை. முள்தான் நடக்கிறது.

செங்கோட்டை சித்தப்பா (7.42): மீட்டருக்கு சிக்னல் எங்கிருந்து வருகிறது?

நான்: எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன் காயிலிலிருந்து ஒரு ஒயர்.

செங்கோட்டை சித்தப்பா: அப்படியென்றால் சுலபம். நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, எஞ்சின் ஒரு சுற்றுக்கு 2 பொறி. ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, 900 என்றால் வினாடிக்கு 30 துடிப்பு. 3000-இல் 100. மீட்டருக்குள் இருக்கும் ஐசி (சிப்) ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரே அளவு மின்சாரத்தை, அதைச் சேர்த்து வைக்கும் ஒரு கண்டன்சரில் ஊற்றும். கூடவே இருக்கும் ரெசிஸ்டர் அதைக் கசிய விடும். அடியில் ஓட்டை உள்ள தொட்டி என்று வைத்துக்கொள். நீர்மட்டம்தான் முள். தொட்டி பெரிதானால் மட்டம் ஆடாது, ஆனால் ஏற நேரமாகும்.

கழுதுருட்டி அண்ணன்: என் ஜீப் டீசல். பொறியே கிடையாதே?

செங்கோட்டை சித்தப்பா: உனக்கு பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து சிக்னல் எடுத்திருப்பான். நீ பேசாமல் இரு.

நான் (மாலை 6.20): மீட்டரைக் கழற்றிவிட்டேன். ரெசிஸ்டர் 100 கிலோ ஓம், கண்டன்சர் 10 மைக்ரோ ஃபாரட்.

செங்கோட்டை சித்தப்பா: இரண்டையும் பெருக்கிப் பார், 1 வினாடி. அந்த நேரத்தில் முள் போகவேண்டிய தூரத்தில் முக்கால்வாசிகூட போயிருக்காது. கண்டன்சரை 4.7 ஆக்கினால் பாதி நேரம். 25 வோல்ட் வாங்கு, பிளஸ் மைனஸ் மாற்றிவிடாதே. பேட்டரியைக் கழற்றினாயா?

நான்: கழற்றியாச்சு.

செங்கோட்டை சித்தப்பா: ஐசிக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு கண்டன்சர் இருக்கும். அதில் கை வைக்காதே. ஒரு துடிப்புக்கு எவ்வளவு ஊற்றுவது என்பதை அதுதான் அளக்கிறது. மாற்றினால் 3000 ஓடும்போது 4000 என்று பொய் சொல்லும்.

வெள்ளி

நான் (இரவு 8.05): கடையில் 2.2 மைக்ரோ கண்டன்சரும் இருந்தது. சும்மா போட்டுப் பார்த்தேன். ரேஸ் கொடுத்தால் சட்டென்று பாய்கிறது. ஆனால் ஐடிலிங்கில் முள்ளுக்குக் குளிர் ஜுரம்.

செங்கோட்டை சித்தப்பா: நான் சொன்னது 4.7. வினாடிக்கு 30 சொட்டுதான் விழுகிறது, அதைச் சொம்பில் பிடித்தால் துள்ளத்தான் செய்யும்.

நான்: மாற்றிவிட்டேன். இப்போது ஆட்டம் இல்லை. ஆனாலும் கொஞ்சம் இழுக்கிறது.

செங்கோட்டை சித்தப்பா: அந்த மிச்சம் முள்ளின் அடியில் இருக்கும் சிலிக்கான் எண்ணெய். குலுக்கலில் ஆடாமல் இருக்க வைப்பார்கள். அதைத் துடைக்கிறேன் என்று இறங்காதே, அப்புறம் மீட்டர் என்னிடம்தான் வரும்.

கழுதுருட்டி அண்ணன்: மச்சானின் புது காருக்கும் இப்படிச் செய்யலாமா?

செங்கோட்டை சித்தப்பா: அதில் கம்ப்யூட்டர் எண்ணாக அனுப்புகிறது. நிதானப்படுத்துவதும் சாஃப்ட்வேர். சால்டரிங் அயர்னை உள்ளே வை.

ஞாயிறு

நான் (காலை 9.30): கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவில் டீ. செகண்ட் கியரில் போட்டதும் முள் கூடவே வந்தது சித்தப்பா! எல்லா வளைவிலும் பார்த்தேன்.

புனலூர் அத்தை: எல்லா வளைவிலும் முள்ளைப் பார்த்தாய் என்றால் ரோட்டை யார் பார்த்தது?